டிராக்டரைச் சுற்றிக் கோலம்

மன்னார்குடி பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் சொன்னார்: "பத்து நாளா எங்க வாசல்ல டிராக்டரைச் சுத்தித்தான் கோலம் போடுறேன், டீச்சர்."

நான் தூக்கத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏங்க, எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க எடுக்குறது? சேத்துல உழுற இரும்புச் சக்கரத்தோட நிறுத்திட்டு எங்க வீட்டுக்காரரு ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. வந்து பாத்தா தெருவெல்லாம் புது தார் ரோடு. வண்டியை விட்டுட்டு, சுத்தித் தார் போட்டுட்டுப் போயிட்டாங்க!"

"டயரை மாட்டி எடுக்கலாமே?"

"அதைத்தான் கொழுந்தனார் இரவல் வாங்கிட்டுப் போயிட்டாரே. இரும்புச் சக்கரத்தோட ஓட்டுனா ரோட்டைக் கெடுத்தேன்னு பஞ்சாயத்துல அபராதம். நிறுத்தி வச்சா தெருவை அடைச்சேன்னு அபராதம்."

"ஆத்துல தண்ணி வந்துடுச்சே! வயலு?"

"உழாமத்தான் கிடக்கு. வண்டிக்கு அடியில மட்டும் பழைய மண்ணு. வண்டியில இருந்த விதை மூட்டை ஒழுகி, போன வாரம் மழையும் பெஞ்சு..." சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை. "அங்க நாத்து முளைச்சிருக்கு டீச்சர்!"

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப எப்பத்தான் வண்டியை எடுப்பீங்க?"

"அறுப்பு முடிஞ்சதும்!"