வந்தவை இருநூற்றுப் பதினான்கு, நின்றவை ஒன்பது

குப்பை சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. என் மேசை டிராயரில் மை தீர்ந்த பேனா ஒன்றுகூடக் கிடக்காது. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள். அழிந்த படங்களை மீட்டுத் தருவது உங்கள் தொழில். நீங்கள் அதோடு நிற்காமல், யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார்கள் என்பதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்.

அன்று அம்மாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அக்கா பதினோரு வருடம் கழித்து வந்திருந்தாள். தம்பி புதுக் கேமரா வாங்கியிருந்தான். படம் எடுத்தால் போதும், வயர் இல்லாமலே உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வந்து சேர்ந்ததும் கேமராவில் தானாக அழிந்துவிடும். கேமராவில் இடம் போதாது என்று அவன் செய்த ஏற்பாடு.

"சின்னக்கா, ஒழுங்கா வருதான்னு மட்டும் பாத்துக்க" என்றான்.

பார்த்துக்கொண்டேன். கூப்பிட்டால் போய் வரிசையில் நிற்பேன். திரும்பி வந்து உட்காருவேன். முதல் படத்தில் எனக்குக் கண் மூடியிருந்தது. அழித்தேன். நீங்களும் அழித்திருப்பீர்கள். அடுத்ததில் எனக்கு இரண்டு தாடை. அதற்கடுத்ததில் நான் நன்றாகத்தான் இருந்தேன். பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் அப்படிச் சிரிக்க என்ன அவசியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதன்பிறகு வேலை சுலபமாகிவிட்டது.

அக்காவின் கன்னங்களை அம்மா இரு கையாலும் ஏந்திக்கொண்டு நின்ற படம் ஒன்று வந்தது. தம்பி எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஓரத்தில் நான் வாய் நிறைய கேக்கோடு நின்றேன்.

"எல்லாம் வந்துருச்சா?" என்று கூடத்திலிருந்து தம்பி கத்தினான்.

"வந்துருச்சுடா."

பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் அக்கா விமானம் ஏறிப் போன பிறகுதான் தம்பி கம்ப்யூட்டரைத் திறந்தான். ஒன்பது படங்கள் இருந்தன. ஒன்றில் அக்காவின் முதுகு, இன்னொன்றில் முழங்கை. அம்மா கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு, "பெரியவ எங்கடி?" என்று கேட்டாள்.

நான் யார்மேலும் பழி போடவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நேத்து போன் சார்ஜரை எங்க செருகுனீங்க?" என்று கேட்டேன், அவ்வளவுதான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வைஃபை பெட்டியைப் பிடுங்கிட்டு... பத்தே நிமிஷம்தான்" என்றார்.

அதனால்தான் படங்கள் வழியிலேயே தொலைந்துபோயின என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒன்றரை மாதமாக அம்மா மருமகனோடு பேசுவதில்லை. தம்பி அவருக்கு 'பிளக் மச்சான்' என்று பெயர் வைத்துவிட்டான். இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்ததும் அவர்தான்.

சரி, இருநூற்று ஐந்தையும் அழித்தது நான்தான். படங்களைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று அவர் அழுதபோது, வீட்டிலேயே அவரை மன்னித்தவள் நான் ஒருத்திதான். அந்த நிம்மதியைப் போய் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வரவில்லை.