மிச்ச சோப்பு

மட்டாஞ்சேரி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். போர்ட் கொச்சி விடுதியொன்றில் அறை சுத்தம் செய்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பெட்ஷீட்டைக் காட்டி, தொவைப்பீங்களான்னு அந்த வெள்ளைக்கார மதாம்மா கேட்டாங்கக்கா. ‘சம்டைம்ஸ்’னு சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி! எப்பவாச்சும்னுல்ல அர்த்தம்?”

“ஒவ்வொரு தடவையும்னு நெனச்சேன். ஓனர் சேட்டன் முன்னாடி இங்கிலீஷ் பேசிட்டேன்னு பெருமை வேற.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவங்களே சோப்புப் போட்டுத் தொவச்சு மாடியில காயப்போட்டாங்க. அன்னைக்குக் காலையிலதான்கா நான் தொவச்சதை விரிச்சேன்.”

“அய்யோ.”

“இன்னைக்கு ரூம் காலி பண்ணும்போது மிச்ச சோப்பை என் கையில குடுத்துட்டுச் சிரிச்சாங்க.”

“நீ என்னடி சொன்ன?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தேங்க்யூன்னேன். அது ஒண்ணுதான் எனக்குச் சரியாத் தெரியும்.”