சாவி கேக்குறாரு

இல்ல டீச்சர், அலைச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்க மேல குறையா? அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிப்போயிடும். அடுத்த வாரத்துலேர்ந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரல, பேச்சுப் பயிற்சியை நிறுத்திக்கலாம்னு இருக்கேன், அவ்வளவுதான். ஏன்னு கேட்டா... இருங்க, அந்தக் கதவைச் சாத்திடுறேன். கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டேதான் இருக்காரு. பாக்கட்டும்.

காபியெல்லாம் வேண்டாம், தண்ணி போதும்.

நீங்க பேச்சு போனதுக்கப்புறம்தானே இவரைப் பாக்குறீங்க. முன்னாடி பாத்திருக்கணும். வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்களே, அது இவருக்குன்னே சொன்னது. லிஃப்ட் மெக்கானிக் டீச்சர், பதினெட்டு வருஷம். லிஃப்ட் பாதியில நின்னுபோச்சுன்னா கூட இருக்கிறவங்க மேல மெஷின் ரூமுக்கு ஓடுவாங்க. இவரு கதவுகிட்ட நின்னு உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்குப் பேச்சு குடுப்பாரு. பேச்சு நின்னா அவங்க பயந்துருவாங்களாம். ஒரு தடவை நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒரு பல் டாக்டர் மாட்டிக்கிட்டாரு, முக்கால் மணி நேரம். மனுஷன் அழவே ஆரம்பிச்சுட்டாராம். இவரு கதவுல வாயை வெச்சு, சார், உங்க நாற்காலியில வாயைத் தொறந்துட்டுப் படுத்திருக்கிறவனுக்கும் இப்படித்தான் சார் இருக்கும்னிருக்காரு. உள்ள இருந்து சிரிப்பு சத்தம் கேட்டுச்சாம். அதைச் சொல்லிச் சொல்லியே எங்க காதுல ரத்தம் வர வெச்சாரு.

இப்போ இவரு உள்ள மாட்டிக்கிட்டாரு. வெளிய நிக்கிற எனக்குப் பேச்சு குடுக்கத் தெரியல.

ஆமா, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் செய்றேன். சின்னச் சின்னதா, ரெண்டு வார்த்தை, நிறுத்தி, முகத்தைப் பாத்து. முதல்ல அது புரியல டீச்சர். காது கேக்குது, என்னைத் தெரியுது, அப்புறம் என்னன்னு நெனச்சேன். நீங்கதான் சொன்னீங்க, கேட்டதைப் புடிச்சு வெச்சுக்கிற எடம் சுருங்கிப்போச்சு, வாக்கியத்தோட வாலு உள்ள வர்றப்ப தலை வெளிய போயிடுதுன்னு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி யோசிச்சேன். மொத மாசத்துல ஒரு நாள், அலமாரியைத் தொறந்து அந்த நீலச் சட்டையை எடுத்துக்கிட்டு இங்க வாங்கன்னேன். வந்தாரு. வெறுங்கையோட வந்து என் முன்னால நிக்கிறாரு. சட்டை எங்கன்னா முழிக்கிறாரு. நானும் கத்தினேன், பாவி. கடைசியா என்ன சொன்னேன்? வாங்கன்னேன். அது ஒண்ணுதான் அவரு கையில நின்னிருக்கு. வந்துட்டாரு. சொன்ன பேச்சைக் கேட்ட மனுஷனைத்தான் அப்படித் திட்டியிருக்கேன்.

நம்ம பேச்சுல விஷயமெல்லாம் முன்னாடி போயிடுது, வா, போ, குடுங்கிறதெல்லாம் கடைசியில வருது. இவருக்கு அந்தக் கடைசிதான் மிச்சம்.

அதைத்தான் சொல்ல வரேன். சாவி. நீங்களும் ஆறு மாசமா கேக்குறீங்களே. நூறு வார்த்தை போன எடத்துல அது ஒண்ணு மட்டும் நிக்குது. காலையில கண்ணு முழிச்சதும் சாவி. சாயந்தரம் நாலரை ஆச்சுன்னா சாவி, சாவி. வீட்டுச் சாவியைக் குடுத்தேன், தள்ளிவிட்டாரு. பீரோ சாவி, சைக்கிள் சாவி, எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத துருப்புடிச்ச சாவி, எல்லாத்தையும் ஒரு வளையத்துல கோத்துக் குடுத்தேன். மூஞ்சிக்கு நேரா வீசினாரு. இதோ, புருவத்துக்கிட்ட, தெரியுதா?

இவரு கம்பெனி சூப்பர்வைசர் நல்ல மனுஷன். லிஃப்ட் கதவை வெளிய இருந்து தொறக்க முக்கோண மூக்கு வெச்ச சாவி ஒண்ணு இருக்கும், எப்பவும் இவரு இடுப்புலதான் தொங்கும். அதைத்தான் கேக்குறாரு போலன்னு ஆபீஸ்ல சொல்லி எடுத்துக்கிட்டு வந்து குடுத்தாரு. வாங்கிப் பாத்தாரு. மேசையில வெச்சுட்டு மறுபடியும் சாவின்னாரு. அன்னைக்குக் கையையும் காட்டினாரு. இப்படி, உள்ளங்கையைக் கீழ பாக்க வெச்சு, தன் தோளுக்கு நேரா. இவ்வளவு உசரம்னு. சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். ஏம்மா, அந்த உசரத்துல எங்கயோ வெச்சிருக்காரும்மான்னு ஆணி, கொக்கி, அலமாரித் தட்டு எல்லாம் தேடினாரு. அப்புறம் ஸ்டூல் போட்டுப் பரண்ல ஏறினாரு. நான் ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் நானும் ஏறித் தேடினேன் டீச்சர். இவரு கீழ நின்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு, தோள்கிட்ட வெச்ச கையை இறக்கவே இல்ல.

தெரியும். நீங்க சந்தோஷமாத்தான் சொன்னீங்க. இன்னைக்கு மூணு அட்டை காட்டினீங்க, மூணையும் வரிசை மாறாம தொட்டாரு. தட்டு, குடை, கத்திரி. மூணு வார்த்தை நிக்க ஆரம்பிச்சிருச்சு, இனி வேகமா வரும்னீங்க. பக்கத்துல பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையனோட அம்மாகூட கை தட்டினாங்க. நான் மட்டும் தட்டல.

அப்புறம் இன்னொண்ணு சொன்னீங்களே. சாவி படத்தைக் காட்டினா அட்டையைத் தட்டிவிடுறாரு, அப்போ அவரு கேக்குறது சாவியே இல்ல, சா-ன்னு ஆரம்பிக்கிற வேற ஏதோ, எழுத்து ஒண்ணு மாறி வருது, அடுத்த வாரம் கண்ணாடி முன்னால உக்கார வெச்சு அதைப் புடிச்சுடலாம்னு. நீங்க கெட்டிக்காரங்க டீச்சர். ஆறு மாசத்துல நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க.

நான் மொத நாளே கண்டுபுடிச்சுட்டேன். தெரிஞ்சேதான் பரண்ல ஏறித் தேடினேன்.

சாமி. எங்க பொண்ணு. பேரு வெச்சதோட சரி, ஒரு நாள் அந்தப் பேரைச் சொல்லி இவரு கூப்பிட்டதில்ல. சாமி எந்திரி, சாமி சாப்பிட்டியா, சாமி அப்பாவுக்கு அந்த ஸ்பானரை எடு. பதினாலு வயசு. தோள் உசரம் வந்துட்டா. நாலரைக்கு இவருதான் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வருவாரு. அன்னைக்கும் வண்டியில பின்னால அவதான் உக்காந்திருந்தா.

வண்டி விழுந்ததால வந்த ஸ்ட்ரோக் இல்லையாம், ஸ்ட்ரோக் வந்ததால விழுந்த வண்டியாம். டாக்டர் படமெல்லாம் காட்டிச் சொன்னாரு. இவருக்குச் சின்னக் கீறல்தான். பத்தொன்பது நாள் கழிச்சு ஐசியூல கண்ணு முழிச்சாரு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு வண்டி எடுத்ததே இவருக்கு ஞாபகம் இல்ல.

சொன்னேன். சொல்லாம இருப்பேனா. ஒரே ஒரு தடவை. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு வார்த்தைக் கணக்கெல்லாம் தெரியாதப்ப. கையைப் புடிச்சுக்கிட்டு, நீங்க வண்டியில வர்றப்ப உங்களுக்கு முடியாம போயி, வண்டி சாஞ்சு, அவளுக்குத் தலையில அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள நம்ம சாமி நம்மள விட்டுப் போயிட்டா. இப்படித்தானே சொல்ல வரும்? செத்துட்டான்னு பெத்தவ வாயில வருமா?

கடைசி வார்த்தை அவருகிட்ட நின்னுச்சு. போயிட்டா.

தலையை ஆட்டினாரு டீச்சர். சிரிச்சாரு. கடிகாரத்தைப் பாத்தாரு. பள்ளிக்கூடம் போயிருக்கா, வந்துருவான்னு நெனச்சு நாற்காலியை வாசப்பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. அன்னைலேர்ந்து தினம் அங்கதான்.

சொல்லணும்னா இப்போ ரெண்டு வார்த்தை போதும். ரெண்டும் உள்ள போயி நிக்கும். நீங்க அதுக்கு எடம் பண்ணிக் குடுத்துட்டீங்க. கேக்குறதுக்கும் இவருக்கு ஒரு எழுத்துதான் பாக்கி. உதட்டை ஒட்டுங்கன்னு நீங்க ஒரு தடவை கண்ணாடியில காட்டிட்டா மி வந்துரும். அது வந்துட்டா நான் சாவிக்கொத்தைத் தூக்கிக் குடுக்க முடியுமா? வண்டியை யாரு ஓட்டினாங்கன்னு கேட்டா? நிறுத்துறது பாவம்னு எனக்கும் தெரியும். இவருக்குப் பேச்சு வரக்கூடாதுன்னு நெனைக்கிற பொண்டாட்டி உலகத்துல இருப்பாளா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல டீச்சர். மத்ததெல்லாம் சொல்லிக்குடுங்க. தட்டு, கரண்டி, பசி, வலி, என் பேரு, எது வேணும்னாலும். இது ஒண்ணை மட்டும் திருத்தாம விட முடியுமா?

ஐயோ, நீங்க எதுக்கு அழுறீங்க. கண்ணைத் தொடைங்க, இந்தப் பக்கம் பாக்குறாரு.

எந்திரிச்சுட்டாரு. மணி நாலரை ஆகுதுல்ல.

இதோ வந்துட்டேங்க. ஆமாங்க. சாவிதானே? இருக்குங்க. பத்திரமா இருக்கு.