டொறத்தி பாடிய புலம்பல்

தொண்டைக்கு இஞ்சிப் பிளேன்ரீதான் நல்லது, சுவாமி. சீனி போடக் கூடாது. உங்களுக்கும் குரல் கரகரக்கிறது. பூசை முடிந்ததும் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள்.

நான் அல்பொன்சா, செத்துப்போன டொறத்தியின் அக்கா. கோயிலில் கடைசி வாங்கில் இருக்கிறவளை உங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திராது. பாட்டுக் குழுவில் நின்றது தங்கச்சி. அவளுக்கு முட்டு வருத்தம், இழுப்பு வந்து பாதிப் பாட்டிலேயே மூச்சு நின்றுவிடும். ஆனாலும் முன்வரிசை. நான் பாடினதெல்லாம் குசினி அடுப்படியில். நாலு பேர் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். சின்ன வயதில் ஒருமுறை பீடத்தின் முன்னால் வாயைத் திறந்தபடி நின்றேன், சத்தம் வரவில்லை. கோயிலே சிரித்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அதனால் ஊரடங்கு வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆலங்குடா ஹோட்டல்களைப் பூட்டிவிட்டார்கள். அங்கிருந்து எனக்குத் தோய்க்க வருகிற கட்டில் விரிப்புகளும் இல்லை. நீங்களும் வாட்ஸ்அப்பில் சொன்னீர்கள்: வீட்டையே கோயிலாக்குங்கள், பாடத் தெரிந்தவர்கள் பாடி அனுப்புங்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே கேளுங்கள் என்று. எனக்காகவே சொன்னது போல இருந்தது. பார்க்க ஒருவரும் இல்லை, கேட்க ஊரே இருக்கிறது.

டொறத்தியிடம்தான் ஃபோன் இருந்தது. அவள் புருஷன் இத்தாலியிலிருந்து அனுப்பினது. மாதா மகனை மடியில் கிடத்தி அழுகிற புலம்பலை நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பாடினேன். அவள் பின்னால் நின்று பதிவு செய்தாள். முடிந்தபோது அவளும் அழுதிருந்தாள்.

"அக்கா, இது உன்ர பேரிலதான் போகணும். நான் சுவாமிக்கு எழுதி விடுறன்" என்றாள். நம்பினேன். கூடப் பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

குருத்து ஞாயிறன்று பாட்டைப் போட்டீர்கள். 'நமது டொறத்தி பாடிய புலம்பல்' என்றீர்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஃபோனைப் பார்த்தாள்.

"சுவாமி மாறி விளங்கிட்டார் அக்கா. நாளைக்குச் சொல்றன்."

நாளைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பளீலா ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அல்லாஹ் தந்த குரல் புள்ள இது! முட்டுக்காரிக்கு எப்பிடி இப்பிடி மூச்சு தாங்கிது?" என்றா.

"எல்லாம் மாதாட கிருபை ராத்தா" என்றாள் என் தங்கச்சி. நான் அங்கேயேதான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், சுவாமி. அவளுக்கு அது தெரியும்.

பெரிய வெள்ளி மூன்று மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அதைப் போடச் சொன்னீர்கள். வீட்டைக் கோயிலாக்கச் சொன்னதால் நான் சாம்பிராணி போட்டேன். கொஞ்சம் கூடத்தான். தெருவில் பொலிஸ் போகிறதே என்று யன்னல்களையும் சாத்தினேன்.

பாட்டுத் தொடங்கியது. ஒழுங்கை முழுக்க என் குரல், வீட்டுக்கு வீடு கொஞ்சம் முந்தியும் பிந்தியும். இரண்டாவது அடியிலேயே டொறத்திக்கு முட்டு வந்துவிட்டது. புகை அவளுக்கு ஆகாது. முட்டுக்கு வாயில் வைத்து இழுக்கிற பம்பைத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள். மாதா படத்துக்குக் கீழே தட்டில்தான் எப்போதும் இருக்கும். அன்று இருக்கவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்று பிறகு பொலிசுக்கும் டொக்டருக்கும் சொன்னேன். தேடவில்லை, சுவாமி. காலையில் வீடு கூட்டும்போதே எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். கூப்பிடு என்றேன். ஊரே மெச்சின குரல்தானே, பளீலா ராத்தாவைக் கூப்பிடு, ஓடி வருவா என்றேன். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை, சுவாமி. அதை மட்டும் நான் செய்யவில்லை.

கதிரையில் உட்கார்ந்து பாட்டை முடிவு வரைக்கும் கேட்டேன். கடைசி அடியில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

அடக்கத்துக்கு நாலைந்து பேரைத்தான் விட்டார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க ஒப்பாரி வைத்தேன். பளீலா ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சிட குரல் அப்பிடியே இரிக்கி புள்ள ஒனக்கு" என்றா.

ஊரடங்கால் தள்ளிவைத்த முப்பத்தோராம் நாள் பூசையை இந்த ஞாயிறு வைக்கிறீர்கள். டொறத்தியின் நினைவாக அந்தப் பாட்டைப் போடப்போவதாக அறிவித்துமிருக்கிறீர்கள். அதற்காகத்தான் வந்தேன். என்ன தண்டனை தந்தாலும் செய்கிறேன். பொலிசுக்குப் போகச் சொன்னாலும் பூசை முடிந்ததும் போகிறேன். ஆனால் பெயரைத் திருத்திச் சொல்லுங்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்றால் ஃபோனில் போடவே வேண்டாம், நானே பீடத்தின் முன்னால் நின்று பாடுகிறேன். இப்போதெல்லாம் ஆட்கள் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைப்பதில்லை.