கோப்பாய்க்கு வந்த பிக்கப்

இராசமலர்: பிக்கப் வந்திருக்கெண்டு சொல்லி அம்மாவை ஏமாத்தினது நீங்கள்தான் அண்ணை. ஜேர்மனியிலை இருக்கிற மாமா வாகனம் அனுப்பிப்போட்டாரெண்டு அவ படலையடியிலை கிடந்த கல்லெல்லாம் தூக்கி அங்காலை போட்டவ.

தம்பிஐயா: தந்தியின்ரை சத்தத்தைப் பிடிக்கிறதுக்குக் கிற்றாருக்குப் பூட்டுற பிக்கப் எண்டுதானே நான் சொன்னனான்.

இராசமலர்: அவவுக்குக் காதிலை விழுந்தது கடைசிச் சொல்லு மட்டும். பக்கத்து வீட்டு இளையதம்பியரும் வந்திட்டார். திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் ஏத்தலாமோ எண்டு.

சிமியோன்: நீ என்ன சொன்னனீ மச்சான்?

தம்பிஐயா: சாமானைக் கையிலை குடுத்தன். திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, நாலு சில்லும் பேந்து வருமோ எண்டு கேட்டார்.

இராசமலர்: ஏத்திறதுக்கு முதல்லை வெங்காயம் வேணுமே! போன பறுவத்திலையிருந்து தண்ணி இறைக்கிற மிசின் படுத்துக் கிடக்கு. வாளியாலை அள்ளி ஊத்தி என்ரை தோள்மூட்டு கழண்டு போச்சு. நடுப் பாத்தியெல்லாம் தாள் மஞ்சளாய்ப் போச்சு. சிமியோன் அண்ணை, எங்கடை மிசின்ரை கொயில் என்னாச்சு?

சிமியோன்: அதுதான்... எரிஞ்சு போச்செண்டு சொன்னனானே பிள்ளை. கொயில் இல்லாட்டிப் பொறி வராது, பொறி இல்லாட்டி மண்ணெண்ணை பத்தாது. புதுசாய்ச் சுத்திறதெண்டா மெல்லிய செப்புக் கம்பி வேணும். தலைமயிர் மாதிரி. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியாச்சு. வெளியிலையிருந்து கம்பி வர அரசாங்கம் விடாது. தடை.

தம்பிஐயா: ஓம், தடை.

இராசமலர்: நீங்கள் ரெண்டுபேரும் ஒரே குரலிலை கதைக்கேக்கைதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு.

தம்பிஐயா: விசர்க்கதையை விட்டிட்டுச் சைக்கிள்ளை ஏறு. கரண்ட் இல்லாத ஊரிலை நீதான் கரண்ட். நீ மிதிச்சா டைனமோ சுத்தும், டைனமோ சுத்தினா றேடியோ வேலை செய்யும், அதுக்குள்ளாலைதான் கிற்றார்ச் சத்தம் வரும். நாளையிண்டைக்குப் பூங்காவனத் திருவிழா. மேடைக்கு ஜேர்மன் பிக்கப்போ சிமியோன் செய்த பிக்கப்போ எண்டு இண்டைக்கு முடிவெடுக்கவேணும்.

இராசமலர்: ரெண்டும் பூட்டித்தானே கிடக்கு. ரெண்டோடையும் வாசியுங்கோவன்.

சிமியோன்: ரெண்டு காந்தமும் சேர்ந்து தந்தியை இழுத்தாச் சுருதி நிக்காது பிள்ளை. ஒண்டு போகவேணும்.

இராசமலர்: எனக்கெண்டா ரெண்டும் ஒண்டுதான்.

சிமியோன்: என்ன கதை உது! உது பக்டரியிலை மிசின் சுத்தினது. சுத்து ஒவ்வொண்டும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வரிசையிலை நிக்கும். இது நான் சுத்தினது. தையல் மிசின்ரை சில்லிலை பூட்டி, கம்பியை விரலாலை விட்டு... அங்கையிங்கை ஏறி விழுந்து கிடக்கும். அந்த ஒழுங்கில்லாமைதான் சத்தத்தைத் திறக்கிறது.

தம்பிஐயா: ஒழுங்கில்லாமை உனக்குப் பிறவியிலையே வந்ததடா.

சிமியோன்: முந்தநாள் நீ மிதிக்க நான் வாசிக்கேக்கை, “அழுகுதடா மச்சான்” எண்டது ஆர்?

தம்பிஐயா: முந்தநாள் பார்சல் வந்து சேரேல்லை.

இராசமலர்: அதென்ன அண்ணை, ஜேர்மன் சாமான் இப்பிடி மஞ்சள் பிடிச்சுக் கிடக்கு? மாமா தான் பாவிச்சதை அனுப்பிப்போட்டாரோ?

தம்பிஐயா: புதுசுதான். அந்தக் காலத்து மொடல் மாதிரிச் செய்யினம். மஞ்சளும் பக்டரியிலை பூசினது.

இராசமலர்: புதுசைப் பழசாக்கிறதுக்கும் அங்கை பக்டரி இருக்கோ?

சிமியோன்: இஞ்சை எல்லாம் பழசுதான், பூசத் தேவையில்லை. காந்தம் உடைஞ்ச ஸ்பீக்கரிலை எடுத்தது. நீல மூடி சவர்க்காரப் பெட்டி. உள்ளுக்கு ஊத்தினது மாதா கோயில் மெழுகுதிரிக் கட்டையள்.

தம்பிஐயா: அதுதான் சூடேறினாப் பூசை மணம் வருது. பிள்ளையார் கோயில் மேடையிலை மாதா மணக்கப் போறா.

சிமியோன்: அவையளுக்குள்ளை பிரச்சினை இல்லை மச்சான்.

இராசமலர்: கம்பி?

சிமியோன்: ...என்ன?

இராசமலர்: காந்தம் ஸ்பீக்கர். மூடி சவர்க்காரப் பெட்டி. கம்பி எங்காலை?

சிமியோன்: அது... மயிலிட்டியிலை வள்ளத்து மோட்டர் திருத்தேக்கை மிச்சம் பிடிச்சது. இடம்பெயரேக்கை கொண்டந்தனான். அதோடை முடிஞ்சுது.

தம்பிஐயா: ஓம். மயிலிட்டிக் கம்பி. முடிஞ்சுது.

இராசமலர்: சரி. ஏறிறன். ஆனா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் மிதிக்கவேணும். ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பப்படாது.

சிமியோன்: ஐயோ பிள்ளை, மாதா சாட்சியாய்த் திரும்பன்.

தம்பிஐயா: திரும்பினாக் கழுத்து முறியும். நானும் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். எது எதெண்டு எனக்குச் சொல்லாதை. ஒண்டு, ரெண்டு எண்டு மட்டும் சொல்லு.

சிமியோன்: அப்ப காதைப் பொத்து. ...தங்கச்சி, நீதான் நடுவர். ஒண்டு ஜேர்மன், ரெண்டு என்ரை. மூச்சுக் காட்டப்படாது.

இராசமலர்: மிதிக்கிறவளாலை அது ஏலுமே?

தம்பிஐயா: தொடங்குங்கோ!

சிமியோன்: ஒண்டு!

தம்பிஐயா: ம்... சுத்தம். துடைச்ச கண்ணாடி மாதிரி. கொஞ்சம் உயிர் குறைவு. ஆனா சுத்தம்.

சிமியோன்: ரெண்டு!

இராசமலர்: ஹா... ஹா... அம்மோய்...

தம்பிஐயா: இதென்னடா, கிணத்துக்குள்ளை விழுந்த பூனை மாதிரி!

சிமியோன்: பொறு... எங்கையோ தொடுப்பு விட்டுப்போச்சு... இல்லையே... இன்னொருக்கா. ரெண்டு!

இராசமலர்: ஹா... ஹா... கால் கழண்டு விழப்போகுது, சிமியோன் அண்ணை...

தம்பிஐயா: கெதியா மிதியடி!

இராசமலர்: இதைவிடக் கெதியா மிதிச்சா ஸ்ராண்டோடை றோட்டுக்குப் போயிடுவன்!

தம்பிஐயா: பாவம், பெட்டை நல்லாத்தான் மிதிக்கிறாள். சாமான்தான் சரியில்லை. ஈரச்சாக்குக்குள்ளாலை கேக்கிற மாதிரி.

சிமியோன்: திருப்பி ஒண்டு!

தம்பிஐயா: இதுதான். வேறை கதை இல்லை. ஒண்டு. அது உன்ரைதானே?

சிமியோன்: ஜேர்மன்.

தம்பிஐயா: ...சீ.

இராசமலர்: பாவாடை இறக்கியாச்சு, திரும்புங்கோ. அப்ப நீல மூடி தேவையில்லை. குலைச்சு, அந்தக் கம்பியை மிசின் கொயிலுக்குச் சுத்துங்கோ.

சிமியோன்: அது தடிப்புச் சரிவராது பிள்ளை. மொத்தம் வேறை.

தம்பிஐயா: ஓம், மொத்தம் வேறை.

இராசமலர்: எங்கடை மிசின் கொயிலிலை உரிச்ச கம்பி எங்கடை மிசினுக்குச் சரிவராதோ? இப்ப சொல்லுங்கோ பாப்பம், ஒரே குரலிலை.

சிமியோன்: ஆர்... ஆர் சொன்னது?

இராசமலர்: கொயிலின்ரை வெறுங்கோது அண்ணையின்ரை கிற்றார்ப் பெட்டிக்குள்ளை கிடக்கு. எரிஞ்ச கறுப்புப் பொட்டுக்கூட அதிலை இல்லை.

தம்பிஐயா: எரிஞ்சதெண்டு சொல்லச் சொன்னது இவன்தான்.

சிமியோன்: கழட்டிக்கொண்டு ஓடி வந்தது நீ! “பார்சல் வந்தவுடனை திருப்பிச் சுத்தலாம், வெங்காயம் அதுவரைக்கும் தாங்கும்” எண்டு சொன்னதும் நீ!

தம்பிஐயா: பார்சல் கொண்டந்த ஆள் கிளாலியிலை வள்ளம் கிடைக்காமல் நிண்டுபோச்சு. நான் என்ன செய்ய?

இராசமலர்: பார்சல் நேற்று வந்திட்டுது. கொயில் ஏன் வரேல்லை?

தம்பிஐயா: அது... இவன்ரை சத்தம் காதை விட்டுப் போகமாட்டன் எண்டுது. ஒருக்கா ஒப்பிட்டுப் பாத்திட்டு...

இராசமலர்: ஒப்பிட்டாச்சு. அம்மாவைக் கூப்பிடட்டோ?

தம்பிஐயா: வேண்டாம்!

சிமியோன்: வேண்டாம் பிள்ளை! மெழுகை இளக்கிறன். இந்தப் பக்கம் குலைய, அந்தப் பக்கம் கொயிலிலை ஏறட்டும். தையல் மிசினை எடு மச்சான்.

தம்பிஐயா: மெல்ல... அறுக்காதை...

சிமியோன்: ...அரைவாசி போச்சு. இதிலை என்ரை விரல் பட்ட இடமெல்லாம் எனக்குத் தெரியுது மச்சான்.

தம்பிஐயா: செத்தவீட்டிலை கதைக்கிற மாதிரிக் கதையாதை. சுத்து.

சிமியோன்: ...முடிஞ்சுது. கொண்டுபோய்ப் பூட்டு.

இராசமலர்: பூட்டியாச்சோ அண்ணை? பொறி வருதோ?

தம்பிஐயா: கயித்தை இழுக்கிறன்... ஆ! கையிலை அடிச்சுப்போட்டுது!

இராசமலர்: அப்ப வருது. இன்னொருக்கா இழுங்கோ.

தம்பிஐயா: பத்திட்டுது! தண்ணி எடுக்குது!

சிமியோன்: எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை பிள்ளை. முந்தநாள் அப்பிடி அழுத சாமான், இண்டைக்கு ஏன்...

இராசமலர்: பொறுங்கோ. அண்ணை, தண்ணி நடுப் பாத்திக்குப் போயிட்டுதோ?

தம்பிஐயா: போகுது, போகுது!

இராசமலர்: இனிச் சொல்லலாம். “ரெண்டு” எண்டு நீங்கள் கூப்பிட்ட நேரமெல்லாம், சிமியோன் அண்ணை, நான் கெதியா விட்டது மூச்சை மட்டும்தான். காலை இல்லை.