சுருக்காத பிரதி

கணினியில் ஒரு பக்கம் திறப்பதற்காக யாரும் காத்துக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான்; நடுவில் ப்ராக்ஸி என்ற சர்வரை வைத்ததே அதற்காகத்தான், ஐயா. ஒருவர் கேட்ட பக்கத்தை அது சுருக்கிப் பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடும்.

கடைசி வார்டில் மட்டும் ஓர் ஓட்டைக் கணினி. சுருக்கியதை விரிக்க அதற்குத் தெரியாது. திரை முழுக்கக் கிறுக்கலாக வரும். மாற்றித் தரச் சொல்லி நிர்வாகியிடம் நடையாய் நடந்தேன். "ஓடுதுல்ல? அப்புறம் என்னப்பா? உன்னைவிட அதுக்கு வயசு கம்மிதான்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

சரி என்று, அந்தக் கணினிக்காகச் சுருக்காத பிரதி ஒன்றைத் தனியாக வைக்கும்படி ப்ராக்ஸியை மாற்றினேன். கிறுக்கல் போய்விட்டது. அதில் ஒரு கோளாறு இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். நோயாளியின் மருந்துப் பக்கத்தில் மருத்துவர் எதையாவது திருத்தினால் சுருக்கிய பிரதி உடனே புதிதாகிவிடும். சுருக்காதது பழையபடியே கிடக்கும். சரிசெய்ய ஒரு வரி போதும். நான் எழுதவில்லை. பழைய அளவு மருந்தால் யாருக்காவது கொஞ்சம் தலைசுற்றினால் நிர்வாகிக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். நியாயமான எண்ணம்தானே.

அந்த வார்டில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போனதால், மருத்துவர், துடிப்பை அடக்கும் அவருடைய மருந்தைக் கணினியில் பாதியாக்கிவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வார்டுச் செவிலி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, டாக்டர் டோஸைக் குறைக்கிறேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. இங்க பழசே காட்டுது. ஸ்கிரீன்ல இருக்கிறபடிதான் போடணும்னு ரூல். எதுக்கும் ஒரு தடவ பாருங்களேன்."

பார்த்தேன். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்தேன்.

"சரியாத்தாம்மா காட்டுது. போடு" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிண்ணே."

ஊசி போட்டாள். மாலைக்குள் துடிப்பு நின்றுவிட்டது. அவருடைய மனைவி வராந்தாவில் அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நான் உடனே போய் அந்த ஒரு வரியை எழுதினேன். பழைய பிரதியையும் அழித்தேன். விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது எல்லாத் திரையிலும் புதிய அளவுதான் இருந்தது. செவிலியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போகும்போது, "என் கண்ணுதான் ஏமாத்திருச்சு போலண்ணே. உங்க பேரை நான் எடுக்கல" என்றாள்.

வார்டுக்குப் புதுக் கணினி வந்தது. பழையது என் அறை மூலையில் கிடக்கிறது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன். ஆனாலும் எப்போது போட்டாலும் ஓட்டுநரின் பக்கம்தான் வருகிறது, பழைய அளவோடு. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். அப்போதும் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது, ஐயா.

அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நான் முதலில் கேட்டபோதே அந்தக் கணினியை மாற்றித் தந்திருந்தால், அவரைக் கொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்திருக்காது.