வேட்டை நாய்களின் வில்லை

நாய் நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வாலைப் பார்க்கக் கூடாது, ஐயா. நாக்கைப் பார்க்க வேண்டும். தீனி கொண்டுவருகிறவனைக் கண்டால் சாகப்போகிற நாயும் வாலை ஆட்டும்.

என் பெயர் அப்பாசாமி. தீவின் தெற்குக் கரையில், சுரினாம் ஊருக்கு மேலே, கரும்புத் தோட்டத்தில், தோட்ட முதலாளி மிஸ்யே ஆந்த்ரேயின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மான் வேட்டை தொடங்கிவிட்டால் அவை விடிந்தது முதல் மலைச்சரிவில் ஓட வேண்டும். முன்பெல்லாம் வெறும் மக்காச்சோளக் கஞ்சிதான் ஊற்றிவந்தோம். ஒரு வருடம் அவற்றின் நாக்கு கறுத்தது. வாய் புண்ணாகி, எச்சில் ஒழுகி, கஞ்சிச் சட்டியின் முன்னால் நின்றபடியே சில செத்தன. மிஸ்யே யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து, ரம் ஆலைத் தொட்டியின் அடியில் தங்குகிற ஈஸ்ட் கசடைக் கஞ்சியில் கலந்து பார் என்றார். கலந்தேன். கறுத்த நாக்குகள் மறுபடியும் சிவந்தன.

ஆனால் கரும்பு வெட்டு முடிந்தால் ஆலை நின்றுவிடும், தொட்டியும் காய்ந்துவிடும். அதனால் கடைசி வாரங்களில் அந்தக் கசடை வாரி வந்து, கழுவி, தகரத்தில் வெயிலில் உலர்த்தி, வில்லைகளாகத் தட்டி மண்ணெண்ணெய் டின்களில் அடைத்துவைப்பேன். அடுத்த வெட்டு வரைக்கும் நாய்களுக்கு அதுதான் உயிர்.

தெய்வானை என் தங்கை. அவள் கணவர் பழனியாண்டி தோட்டத்தின் ஓரத்தில் சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு போட்டிருந்தார். நல்ல மனிதர். என்னைக் கேலி செய்வார், ஆனால் அதில் விஷம் இருக்காது.

ஜனவரியில் அடித்த புயலில் கரும்பு சாய்ந்தது, வீட்டுத் தோட்டத்துக் கீரையும் துவரையும் வேரோடு போயின. அதன்பிறகு எல்லார் வீட்டிலும் கடையில் வாங்கிய வெள்ளை அரிசிச் சோறும் மிளகாயும்தான். சில வாரங்களில் கால் மரத்துப்போவதும் வீங்குவதும் தொடங்கியது. பழனியாண்டியின் காலில் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். டாக்டர் பருப்பும் கீரையும் சாப்பிடச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். இரண்டும் கிடைக்கவில்லை.

எனக்கு மருந்து தெரியும். போன வருடம் என் காலும் மரத்துப்போயிருந்தது. நாய்களோடு நானும் தினம் ஒரு வில்லை தின்றேன். கொஞ்ச நாளில் மலை ஏறினேன். இதை மறைக்க விரும்பவில்லை. நான் படுத்துவிட்டால் நாய்களை யார் பார்ப்பது?

தெய்வானை நாய்க் கூண்டுக்கே வந்தாள்.

"அண்ணே, அந்த நாய் மருந்துலே கொஞ்சம் குடுங்க. உங்க காலு அதுலேதானே சரியாச்சு."

"உன் புருஷன் காவடிக்கு மாலை போட்டிருக்கான். இது ரம் தொட்டிக் கசடு. விரதத்துலே வாயிலே வைக்கலாமா?"

"முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"சாமி விஷயத்துலே விளையாடாதே."

"நடக்க முடியாத ஆளு காவடிய எப்படி அண்ணே தூக்கும்? நீங்க வந்து தூக்குவீங்களா?"

நான் சட்டிகளைக் கழுவப் போனேன். அவளும் போய்விட்டாள். ஆனால் நான் நாய்களை நடத்திக்கொண்டு போகும் நேரத்தில் கூண்டுக்கு வந்து வில்லைகளை எடுத்துப்போனாள். டின் மூடியை நான் எப்போதும் இறுக்கி மூடுவேன், அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதில்தான் தெரிந்தது.

பழனியாண்டிக்கு வீக்கம் வடிந்தது. ஒருநாள் தடி ஊன்றி வேலி வரைக்கும் வந்தார்.

"மச்சான், அடுத்த பிறவியிலே உங்க கூண்டுலே பொறக்கறேன். மழைக்குக் கம்பளி கூடப் போத்துறீங்களாமே!"

"குரைக்கிற வேலை இருக்கு. உன்னாலே முடியாது."

"உங்க தங்கச்சியக் கட்டின நாளா அது ஒண்ணுக்குத்தானே வழியில்லே."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் திரும்பி நடந்தபோது தடியை அவ்வளவாக ஊன்றவில்லை. அதைப் பார்த்தபடி யோசித்தேன். இவர் எழுந்து நடந்தால் ஊர் கேட்கும். நாளைக்குப் பக்கத்து வீடு வரும், மறுநாள் தோட்டத்துக் கூலி லயமே தட்டோடு நிற்கும். நாய்களின் நாக்கு மறுபடியும் கறுக்கும்.

டின்னைப் பூட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். யோசித்தேன். பூட்டினால் அவள் மிஸ்யேயிடம் போய் அழுவாள். மிஸ்யே இளகின மனசுக்காரர். எல்லாவற்றையும் எடுத்துக் கொடு என்று சொல்லியிருப்பார்.

ஆகவே ஆற்று வண்டலைச் சலித்தேன். வாசனைக்காக டின்னின் அடியில் கிடந்த தூளும், கொஞ்சம் சர்க்கரைப் பாகும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, அதே தகரத்தில் உலர்த்தினேன். நிறம் உடனே ஒத்துவரவில்லை. சரியாக வந்ததும் அவற்றை முன்னால் இருந்த டின்னில் போட்டு, நல்ல வில்லைகளைச் சாக்குக் குவியலுக்குப் பின்னால் நகர்த்திவைத்தேன்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம்கூட இல்லை. அவள் அவசரப்பட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டாமே என்று நாய்களை இன்னும் கொஞ்ச தூரம் நடத்தினேன். இதை எழுதிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சித்ரா பௌர்ணமியன்று காவடிகள் போவதைப் பழனியாண்டி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார். வீக்கம் அப்போது தொடைக்கு ஏறியிருந்தது. தெய்வானை ஒளிவுமறைவை விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"திருடித்தான் குடுத்தேன் அண்ணே. மொதல்லே கேட்டுச்சு. இப்ப ஏன் கேக்க மாட்டேங்குது?"

"அளவு பத்தலையோ என்னமோ. இன்னும் ரெண்டு சேத்துக் கரைச்சுக் குடு."

முன்னால் இருந்த டின்னிலிருந்து என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள்.

அவர் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்தபடியே போனார். பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்தான் போர்த்த வேண்டும். வெள்ளைச் சேலை வாங்கிப்போய் நானே அவள் தோளில் போர்த்தினேன். முறை எதிலும் நான் குறை வைக்கவில்லை.

மிச்சமிருந்த வில்லைகளை அவள் சமையலறையில் வைத்திருந்தாள். அவளுக்கும் கால் மரத்ததால் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். மறந்துபோய் வெகுநேரம் கழித்துப் பார்த்திருக்கிறாள். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஆற்று மண். அந்தக் குவளையைத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்தாள்.

செய்தது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. மிஸ்யேக்கும் தெரியாது. அந்த வண்டலைத் தின்றால் பழனியாண்டி பிழைக்க மாட்டார் என்பது பிசையும்போதே எனக்குத் தெரியும்.

அவருக்குக் கொடுத்திருந்தாலும் வெட்டு தொடங்கும் வரைக்கும் நாய்களுக்குப் போதுமாக இருந்திருக்குமா என்று கேட்டீர்கள். இருந்திருக்கும். இரண்டு டின் இன்னும் திறக்கவே இல்லை. ஆனால் மழையால் வெட்டு பிந்தலாம், ஆலை பழுதாகலாம். பொறுப்பில் இருக்கிறவன் அதையும் பார்க்க வேண்டும்.

காலையில் என்னை உள்ளே கொண்டுவந்தபோது தெய்வானை எதிரே நின்றிருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும்.

என் இடத்துக்கு வருகிறவனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. சாக்குக்குப் பின்னால் இருக்கிற டின்கள் நாய்களுக்கு மட்டும்தான். அவள் வந்து நின்றால், அப்பாசாமியின் தங்கை என்று இரக்கப்பட வேண்டாம். நாய்கள் வாயில்லாத ஜீவன்கள். அவள் வாய் உள்ளவள், எங்கேயாவது கேட்டு வாங்கிக்கொள்வாள்.